பராசக்தி அக்காவின் வலது கை

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. சுன்னாகம் சந்தையில் தராசுக்காரனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வாசிகசாலைக் கூட்டத்தில் எழும்பி நின்று தலைவரை வியர்க்க வைத்திருக்கிறேன். என் மனுசன் வாகீசனைக் கேட்டால் இன்னும் நீட்டாக ஒரு பட்டியல் சொல்வார். ஆனால் அந்த வாய் திறந்தே ஆகவேண்டிய ஒரு நாளில் திறக்கவில்லை. பராசக்தி அக்காவைப் பற்றி எழுதத் தொடங்கினால் எப்படியும் அந்த நாளில் வந்துதான் நிற்கவேண்டும். அதற்கு முன் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா எங்களுக்கு இரண்டு வேலி தள்ளி இருக்கிறார். தெல்லிப்பழைப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் பிறந்து, அதே மண்ணில் வாழ்க்கைப்பட்டவர். வயது ஐம்பத்தெட்டு. நெட்டை, மெலிவு, நடையில் ஒரு அவசரம். அவருடைய புருஷன் கதிரவேலு அண்ணை தொண்ணூற்றாறில் இறந்துபோனார். வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இடம்பெயர்வில், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் காய்ச்சலோடு கிடந்தார். ஊர் திரும்ப ஒரு மாதம் இருக்கும்போது மனுசன் போய்விட்டது. அக்காவுக்கு அப்போது முப்பது வயது. பிள்ளை குட்டி இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்தவரை நாங்கள் எப்படி நடத்தினோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒருவரும் கொடுமை செய்யவில்லை. கலியாண வீடென்றால் வாசல் படலைக்குப் போய் முறையாகத்தான் சொல்வோம். அவரும் முதல் நாளே வந்து பின்வளவில் அடுப்பு மூட்டி, மரக்கறி வெட்டி, தேங்காய் திருவி, எங்கள் எல்லாரையும் விடக் கூடப் பாடுபடுவார். பிறகு கூறைத் தட்டு ஆள் ஆளாகத் தொட்டு வணங்க வரும்போது இரண்டடி பின்னுக்குப் போய் நிற்பார். போகச் சொல்லி யாரும் சொல்வதில்லை. நில்லுங்கோ என்றும் யாரும் சொல்வதில்லை.

என் மகள் பிரசாந்தி பெரியபிள்ளையாகி நாங்கள் வைத்த சாமத்திய வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. முதல் நாள் முழுக்கப் புகையில் இருந்து பலகாரம் சுட்டவர், ஆலாத்தி எடுக்கிற நேரம் கடைசித் தூணோடு நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். தவறிப்போய்க்கூட ஒன்றிலும் பட்டுவிடக் கூடாதாம். நான் கண்டேன். "அக்கா, முன்னுக்கு வாங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாமியின் முகத்தைப் பார்த்தேன், சும்மா இருந்துவிட்டேன். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மணவறைக்கு ஆகாத அந்தக் கைதான் பாகல் தோட்டத்தில் முதல் கையானது. அது வந்த விதம் ஒரு பெரிய அதிசயமில்லை. சண்டை முடிந்த கையோடு வந்த ஒரு மாரியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஊரில் எல்லாருடைய பாகலும் வேர் அழுகிச் செத்தது. அக்காவின் வளவு கொஞ்சம் மேடு, தண்ணீர் நிற்காது. அவருடைய சின்னப் பந்தல் மட்டும் தப்பிக் காய்த்துத் தொங்கியது. விசயம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊருக்கு மேடு பள்ளம் போதாதே, கைராசி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அடுத்த போகத்தில் முதலில் போய்க் கூப்பிட்டவன் சுபாங்கன். ஊரில் பெரிய பாகல் தோட்டம் அவனுடையது. "அக்கா, ஒருக்கா வந்து எங்கடை கொடியிலை கை வைச்சு விடுங்கோவன்" என்று படலையில் நின்று கேட்டானாம். அக்கா முதலில் விளங்காமல், "என்ரை கையோ? என்ரை கையையோ கேக்கிறாய்?" என்று இரண்டு தரம் கேட்டாராம். பிறகு உள்ளே போனவர் வெளியே வர நெடுநேரம் ஆனதாம். அழுதிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

பாகல் பயிரிடாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கொடி பந்தலுக்கு ஏறும்வரை பக்கத்தில் வெடிக்கிற சிம்புகளைக் கிள்ளிவிட வேண்டும். பந்தலைத் தொட்டதும் நுனியையும் கிள்ள வேண்டும். அப்போதுதான் கிளை பிரிந்து பரந்து காய்க்கும். அக்கா அதை நகத்தால் கிள்ளுவார். கத்தி வைத்தால் கொடிக்கு நோகும் என்பார். கிள்ளக் கிள்ளச் சாறு வடிந்து விரலெல்லாம் பச்சையாகும், பிறகு கறுக்கும், அடுத்த நாள் சோறு பிசைந்தாலும் கசக்கும்.

நுனி கிள்ளுகிற நாளை நாங்கள் ஒரு கொண்டாட்டமாகவே ஆக்கிவிட்டோம். நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்ப்போம். அக்கா விடியத் தலைமுழுகி, தன்னுடைய பந்தலில் முதலில் கிள்ளுவார். அந்தச் சாறு பட்ட கையைக் கழுவாமல் அப்படியே எங்கள் தோட்டங்களுக்கு வருவார். கழுவக் கூடாது, அதுதான் சட்டம். அவருடைய பந்தலின் விளைச்சல் அந்தச் சாற்றில் இருக்கிறதாம், தண்ணீர் பட்டால் ராசி போய்விடுமாம். யார் தொடக்கினார்கள் என்று இப்போது கேட்டால் ஒருவருக்கொருவர் கையைக் காட்டுவார்கள். கடைசித் தோட்டம் முடியும்வரை அவர் அந்தக் கையால் சாப்பிடவும் மாட்டார். தேத்தண்ணிக் கோப்பையை இடது கையில் கொடுப்போம், இடது கையாலேயே வாங்கிக் குடிப்பார். வேறு நாளில் அப்படிக் கொடுத்தால் மரியாதை இல்லை என்று சண்டை வரும்.

அன்றைக்கு அவர் கட்டுவது அரக்குக் கரை போட்ட ஒரு மஞ்சள் சேலை. வேறு எந்த நாளிலும் அதை அவர் கட்டி நான் கண்டதில்லை. தோட்டக்காரர் எல்லாரும் படலையில் நின்று, "வாங்கோ அக்கா, வாங்கோ" என்று முன்னுக்கு விட்டு, தாங்கள் பின்னால் வருவார்கள். முதல் கொடியில் மட்டும் கை வைத்தால் போதும். அவர் கேட்கமாட்டார், வரிசை வரிசையாக முழுத் தோட்டத்தையும் கிள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். இடுப்பு முறியுமே அக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

"முறிஞ்சால் முறியட்டும் பிள்ளை," என்றார். "வருசத்திலை இந்த ஒரு நாளைக்குத்தான் நான் ஒரு மனிசி. மற்ற நாளெல்லாம் இந்த நாளைப் பாத்துக்கொண்டுதான் எழும்பிறன்."

பன்னிரண்டு வருடம் இப்படிப் போனது. காய்த்த வருடம் அக்காவின் கை என்றோம். காய்க்காத வருடம் வெயில் என்றோம், மழை என்றோம், விதை என்றோம். கையை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

போன வருடம் நுனி கிள்ளிய நாளில் அக்கா எங்களுடைய தோட்டத்துக்குத்தான் முதலில் வந்தார். இருநூறு கொடி நட்டிருந்தோம். மஞ்சள் சேலை, ஈரத் தலைமுடி, நெற்றியில் நீறு, முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் படலையால் நுழைந்ததும் கிணற்றடித் தொட்டியைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார்.

"பிள்ளை கோபிகா, என்ரை பந்தலிலை மூண்டு கொடி வெளிறிக் கிடக்கு. இலையெல்லாம் தேமல் தேமலாய், ஒரு மாதிரிச் சுருங்கி. எரு காணாது போலை. அதுகளையும் கிள்ளிப்போட்டன். கை முழுக்கச் சாறு. ஒருக்கா அலம்பிப்போட்டு வரட்டே?"

சொல்லிக்கொண்டே தொட்டிப் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தார். நான் ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஐயோ அக்கா, நல்ல கதை! கழுவிப்போட்டியள் எண்டால் எங்கடை தோட்டத்துக்குப் பேந்து என்ன மிஞ்சும்? சும்மா வாங்கோ!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். பிடித்த கையை விடாமல் முதல் வரிசைக்குக் கூட்டிப்போனேன். இருநூறு கொடியையும் கிள்ளிவிட்டு, இடது கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு, சுபாங்கனின் தோட்டத்துக்குப் போனார். அங்கிருந்து இன்னும் மூன்று தோட்டங்கள். தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பியிருந்தது, எனக்கு நல்ல ஞாபகம்.

மூன்று கிழமை கழித்து இலைகள் மாறத் தொடங்கின. கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வந்தது. பிறகு இலை கொப்பளித்துச் சுருங்கியது. புதுத் தளிர் விரியவே மறுத்தது. பிஞ்சு பிடித்தது, ஆனால் சுண்டுவிரல் நீளத்தில் கோணி, நுனி மஞ்சளாகி உதிர்ந்தது. வாகீசன் கடையில் கேட்டு ஒரு மருந்தடித்தார், பிறகு இன்னொரு மருந்தடித்தார். அடித்த மருந்துக்கு இலைதான் கருகியது. கோதாரி விழுந்த நோய் ஒரு கொடியை விட்டு அடுத்த கொடிக்கு என்று வரிசையாகப் போனது. சுபாங்கன் தோட்டத்திலும் அதே கதை. மற்ற மூன்றிலும் அதே கதை. அவன் வரப்பில் குந்தியிருந்து தலையில் கை வைத்ததை நான் கண்டேன். நான் கிணற்றடியில் இருந்து சத்தம் போட்டு அழுதேன். பிள்ளை மாதிரிப் பார்த்த பயிர், அழாமல் என்ன செய்ய?

அக்கா ஒவ்வொரு நாளும் வந்து பார்த்தார். தன்னுடைய பந்தல் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் தோட்டத்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆற்றை கண் பட்டுதோ தெரியேல்லையே பிள்ளை" என்று புலம்பினார். பார்த்து முடிந்ததும் அதே கையோடு அடுத்த வரிசைக்குப் போய் அங்கேயும் இலையைத் திருப்பினார். நானும் அப்படித்தான் செய்தேன். எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

கடைசியில் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தோம். புதிதாக வந்தவர், லவீனா என்று பெயர், குருநகர்ப் பெண். இருபத்தேழு வயது இருக்கும். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, தோட்டத்துக்குள் இறங்கும் முன் காலணியைக் கழுவியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து தோட்டத்தையும், அக்காவின் பந்தலையும் நடந்து பார்த்தார், கொப்பியில் எதையோ கீறினார், இலைகளைப் பைகளில் போட்டு ஆய்வுக்கு அனுப்பினார். பதிலோடு இரண்டு கிழமை கழித்து வாசிகசாலையில் எங்களைக் கூட்டினார்.

இருபது பேர் வரை வந்திருந்தோம். அக்கா கதவோரம் கடைசிக் கதிரையில் இருந்தார்.

"இது வைரஸ்," என்றார் லவீனா. "வந்த கொடிக்கு மருந்தே இல்லை. எந்தக் கடையிலும் இல்லை. பிடுங்கி எரிக்கிறதுதான் வழி." சனம் ஐயோ என்றது. அவர் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். "பூச்சி கொண்டு வந்திருந்தால் வேலிக்கரையிலை அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டு எண்டு தொடங்கியிருக்கும். இது வரிசையிலை நடந்து போயிருக்கு, பாருங்கோ. ஐஞ்சு தோட்டத்திலையும் ஒரே மாதிரி. இந்த வைரஸ் சாறிலை இருக்கும். வருத்தம் பிடிச்ச கொடியைக் கிள்ளின கையாலை நல்ல கொடியைக் கிள்ளினால் போதும். ஆரோ ஒராள் ஐஞ்சு தோட்டத்துக்கும் போய்க் கிள்ளியிருக்கினம். இடையிலை சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவியிருந்தால் இவ்வளவுக்கு வந்திராது. ஆர் கிள்ளினது?"

அந்தப் பிள்ளை சும்மாதான் கேட்டார். எங்கள் ஊர்ச் சங்கதி அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தலை திரும்பியது, அடுத்த தலை திரும்பியது, எல்லாத் தலையும் கதவோரம் திரும்பின.

அக்கா மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

அப்போது நான் எழும்பியிருக்க வேண்டும். அவ கழுவத்தான் போனவ, நான்தான் கையைப் பிடிச்சு மறிச்சனான் என்று சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கும் அதைச் சொல்ல? சுபாங்கன் எனக்கு முன்வரிசையில் இருந்தான். அவனுடைய பிடரியைப் பார்த்தேன். போன மாசம் அவன் வரப்பில் இருந்த இருப்பு ஞாபகம் வந்தது. ஐந்து தோட்டம் என் வாயால் போனது என்று தெரிந்தால் ஊர் என்னை என்ன செய்யும் என்று நினைத்தேன். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அதில் ஒரு மயில் படம்.

அக்கா எழும்பினார். "நான்தான் பிள்ளை கிள்ளினது. என்ரை கைதான்."

லவீனாவின் முகம் மாறிவிட்டது. "அம்மா, நான் உங்களைக் குறை சொல்லேல்லை. தெரியாமல் நடந்தது. இடையிலை கை கழுவேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை, கழுவேல்லை."

ஏன் கழுவவில்லை என்று அவர் சொல்லவில்லை. கழுவக் கூடாது என்று சட்டம் போட்ட இருபது பேர் அங்கே இருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த நாள் காலை நாங்கள் கொடி பிடுங்கத் தொடங்கினோம். லவீனா கையுறை கொடுத்திருந்தார். பத்து வரிசை பிடுங்கியிருப்போம், எனக்கு உடம்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. யாரில் கோபம் என்று தெரியாத கோபம். அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு பழைய சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, படலையைத் திறந்து வந்து, எனக்குப் பக்கத்து வரிசையில் குனிந்து ஒரு கொடியைப் பிடிக்கப் போனார்.

"தொடாதேங்கோ அக்கா!"

கத்திவிட்டேன். வாகீசன் அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். அக்கா நிமிர்ந்தார். அவருடைய இரண்டு கையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின. அந்தச் சாமத்திய வீட்டில் தூணோடு நின்ற அதே நிலை. "இல்லை அக்கா, கையுறை இல்லாமல் தொடக் கூடாதெண்டு அந்தப் பிள்ளை சொன்னது" என்று பின்னால் இழுத்தேன். சொன்னது உண்மைதான். ஆனால் என் குரலில் இருந்தது அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "ஓம் பிள்ளை, நான் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே தன் பந்தலைக் கப்பும் கம்பியுமாகப் பிரித்து, கொடியெல்லாம் குவித்துக் கொளுத்தினார். போத்தலில் வைத்திருந்த விதையையும் அந்த நெருப்பில் கொட்டினார் என்று வாகீசன் வந்து சொன்னார். போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கூட்டத்தில் வாயைத் திறக்காததுகள் எல்லாம் சந்தையிலும் குழாயடியிலும் திறந்தன. "அப்பவே யோசிச்சிருக்க வேணும், தாலி அறுத்த கையை ஆரும் தோட்டத்துக்கை விடுவினமே" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். பன்னிரண்டு வருடம் அந்தக் கையைப் படலையில் நின்று கூப்பிட்டவள் அவள். வேறு நாளென்றால் அவளுடைய தலைமயிர் என் கையில் இருந்திருக்கும். அன்று எந்த முகத்தோடு நான் சண்டைக்குப் போவது? கீரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா வெளியே வருவது குறைந்தது. வந்தாலும் ஒரு பச்சை இலையைத் தொடமாட்டார். தன் வளவில் நிற்கிற கறிவேப்பிலையை முறிக்கக்கூடப் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிடுவார். கடையில் வெண்டிக்காய் எடுப்பதென்றால் கடைக்காரரே பையில் போடவேண்டும். நாளுக்கு எத்தனை தரம் கை கழுவினாரோ தெரியாது. உடுப்புத் தோய்க்கிற தூளால் கழுவிக் கழுவித் தோல் வெடித்து, ஒருநாள் தெல்லிப்பழை ஆசுபத்திரியில் மருந்துக்கு வரிசையில் நின்றதைக் கண்டேன். பத்து விரலிலும் வெடிப்பு. என்னைக் கண்டதும் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, "சுகமாய் இருக்கிறியே பிள்ளை?" என்று கேட்டார். ஓம் அக்கா என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். என்னைப் போல ஒரு கோழையை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

இந்த வருடம் லவீனா நல்ல விதை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு தோட்டப் படலையிலும் ஒரு வாளி தண்ணீரும் சவுக்காரமும் வைக்கச் சொன்னார். நுனி கிள்ளுகிற நாள் நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லவீனாவைப் பிடித்து, "அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கிள்ளுவிக்கலாமோ?" என்று கேட்டேன். "கழுவிப்போட்டுக் கிள்ளினால் ஆற்றை கையெண்டாலும் ஒண்டுதான் அக்கா" என்று அவர் சிரித்தார். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நானும் வாகீசனும் அக்காவின் படலைக்குப் போனோம். முறையாகக் கூப்பிட்டோம்.

"வேண்டாம் பிள்ளை," என்றார். "நீ கிள்ளு. நான் எட்ட நிண்டு பாக்கிறன்."

எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. ஆனால் சொன்னபடி வந்தார். வீட்டுச் சேலையோடு வந்து, படலைக்கு உள்ளே வராமல் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கை இரண்டும் பின்னால். நான் சவுக்காரம் போட்டுக் கழுவி முதல் கொடியைக் கிள்ளினேன். திரும்பிப் பார்த்தபோது அவருடைய உதடு மட்டும் அசைந்தது. கந்தனையோ யாரையோ கும்பிட்டிருப்பார். கடைசி வரிசை முடிந்து பார்த்தபோது வேலியில் ஆள் இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி ஒரு காய்ப்பு. பந்தலுக்குக் கீழே குனிந்து போக இடமில்லாமல் தொங்கியது. முதல் கடகம் காயைத் தொண்டைமானாற்றுக்குக் கொண்டுபோய்ச் சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுத்தோம். திரும்பி வர சுபாங்கன் படலையில் நிற்கிறான். அவன் கொஞ்சம் பிந்தி நட்டவன், அவனுடைய கொடி அப்போதுதான் பந்தலைத் தொட்டிருந்தது.

"அக்கா, உங்கடை கை நல்ல ராசியான கை. வாற வெள்ளி வந்து எங்கடை முதல் கொடியிலை கை வைச்சு விடவேணும்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "விசர்க் கதை கதையாதை சுபாங்கன்! சவுக்காரத்தின்ரை ராசியடா அது. கையும் மண்ணாங்கட்டியும்!" என்று பாய்ந்தேன். அவன் அசையவில்லை. மாமி உள்ளே இருந்து, "நாலு பேர் தேடி வாற நேரம் மாட்டன் எண்டு சொல்லாதை பிள்ளை, ஆகாது" என்றார். வெள்ளிக்கிழமை நான் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். போனேன்.

சுபாங்கனின் தோட்டத்துக்கு அக்காவின் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று நினைத்தேன். அக்கா படலையில் நின்றார். ஒரு கையில் செம்பு நிறையத் தண்ணீர், மற்றக் கையில் ஒரு துண்டுச் சவுக்காரம். ஊர்க் கதை அவருக்கு எட்டாமல் இருக்குமா?

"உன்ரை தோட்டத்துச் சாறு கையிலை இருக்கும்," என்றார். "கழுவிப்போட்டுப் போ பிள்ளை. நீட்டு."

சவுக்காரத்தை மதிலில் வைத்தார், என் கையில் தரவில்லை. நான் எடுத்துத் தேய்த்தேன். செம்பு என் கையில் பட்டுவிடாதபடி உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். அவருடைய விரல்களில் வெடிப்பு ஆறியும் ஆறாமலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்க முடியவில்லை.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் கழுவத்தானே போனனீங்கள். நான்தானே உங்கடை கையைப் பிடிச்சு மறிச்சனான். என்ரை வாயாலைதான் அக்கா எல்லாம்..."

"தெரியும் பிள்ளை."

கோபமே இல்லாத குரல். ஊற்றுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு வாசிகசாலையிலை நீ எழும்பிச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் விம்மி அழுதேன். தெருவால் யாரோ சைக்கிளில் போனார்கள், திரும்பிப் பார்த்தார்கள். அக்கா செம்பைச் சரித்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.

"மற்றக் கையையும் நீட்டு," என்றார். "தண்ணி முடியப்போகுது."

நீட்டினேன்.